மாலைப் பொழுதின் மாலைகள்

"மணி எத்தின சேர்?"

நோன்பு மாதத்திலே, அஸர் தொழுகை முடிந்த பின்னர், கல்முனையில் எங்கள் வீட்டு விறாந்தையிற் கூடும் சிறார் அனைவருக்கும் உள்ள ஐயம் இது ஒன்றே. நோன்பு திறக்க இன்னும் எவ்வளவு நேரம் உண்டு என்பதே கேள்வியின் பொருள். நானோ தமிழ் சொல்லிக்கொடுத்து வயிறு வளர்ப்பவன். ஒரு சொல்லுக்குள்ள பல பொருள்களுள் கேட்டவர் கருதாத பொருளை எடுத்துக்கொண்டு விடையிறுப்பது எங்கள் குலத்தொழில். ஆதலால் கேட்ட பிள்ளையின் கையிலுள்ள நூலை வாங்கி, கோத்த மணிகளை ஒவ்வொன்றாக எண்ணி, "இருபத்தேழு" என்பேன். எல்லோரும் சிரிப்பர். சிரிப்பு அடங்குவதற்குள் நாலு நிமிடம் போயிருக்கும். நோன்பாளிக்கு அந்த நாலு நிமிடமும் இலாபமே.

முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்புக்கால விடுமுறை உண்டு. பகல் முழுவதும் பிள்ளைகள் எப்படியோ தாக்குப் பிடித்து விடுகிறார்கள். பள்ளிவாசலிற் காய்ச்சும் கஞ்சியின் மணம் காற்றிலே வரத் தொடங்கும் அந்தக் கடைசி மணித்தியாலந்தான் பொல்லாதது. ஓடி விளையாட உடம்பில் வலுவிராது. புத்தகம் விரித்தால் எழுத்து மிதக்கும். அவ்வேளைக்கு வாய்த்த தொழில் மணி கோத்தல். இருந்த இடத்திலே இருந்து செய்யலாம். வாய்க்கு வேலையில்லை. முடிவிலே பெருநாளுக்குக் கையில் ஒரு பொருளும் மிஞ்சும்.

கோத்தல் என்றேன். பிள்ளைகள் 'கோர்த்தல்' என்பார்கள். நான் திருத்துவேன்; அவர்கள் மறுநாளும் கோர்ப்பார்கள். 'கோவை' என்னும் பெயர் கோத்தலிற் பிறந்தது; அங்கே ரகரம் இல்லை, இங்கே எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஒரு வாண்டு சொன்னான்: "ஊசில இருந்து விழுந்திருக்கும் சேர்." அன்றைக்கு இலக்கணப் பாடத்தை அவ்வளவில் நிறுத்திக்கொண்டேன்.

மணி என்பது யாது? துளை உள்ளது எதுவும் மணி. பளிங்காயினும் களிமண்ணாயினும் துளையிட்ட பின்னரே அதற்கு அப்பெயர் பொருந்தும் என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்வதுண்டு. புதுச்சேரிக்கு அண்மையில் உள்ள அரிக்கமேட்டிலே 1945 ஆம் ஆண்டு மோர்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோதும் அதன் பின்னரும் வெளிப்பட்ட கண்ணாடி மணிகள் மிகச் சிறியவை. உருகிய கண்ணாடியை உட்டுளையோடு நீண்ட குழாயாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, மீண்டும் சூடேற்றி விளிம்பை மழுக்குவது அவர்களுடைய முறை. துளையைப் பின்னர் இடுவதில்லை. துளையோடே மணி பிறந்தது. எங்கள் நாட்டில் மன்னார்க் கரையிலுள்ள பழந்துறையாகிய மாந்தையிலும் இவ்வகை மணி செய்தமைக்குச் சான்று கிடைத்துள்ளது. இச்சிறு மணிகள் கிழக்காபிரிக்கா தொடங்கி யப்பான் வரை சென்றிருக்கின்றன. அத்தனை கடலையும் கடந்தது ஒரு கடுகளவுப் பொருள் என்று சொன்னபோது பிள்ளைகள் தங்கள் டப்பாவிலிருந்த மணிகளைச் சற்று மரியாதையோடு பார்த்தார்கள். அது போதும்.

எங்கள் விறாந்தையில் அவ்வளவு நுண்டொழில் இல்லை. கடையில் வாங்கும் பிளாஸ்டிக் மணி கொஞ்சம் உண்டு. மிகுதியை நாங்களே ஆக்கிக்கொள்கிறோம். சம்மாந்துறைப் பக்கத்து வயற்களிமண் கிடைத்தால் சுண்டங்காயளவில் உருட்டி, ஈர்க்கிலாற் குத்தி, நிழலிலே உலர்த்துவோம். வெயிலில் வைத்தால் வெடித்துவிடும். சுடாத மண்மணி நீர் பட்டாற் கரைந்துபோம். ஆதலின் உமிக்குவியலில் இட்டுச் சுட வேண்டும். அந்த வேலை பெரியவர்களுக்கு உரியது.

எல்லாவற்றிலும் மலிவானது கடதாசி மணி. கடதாசியை அடியிலே ஓரங்குலமும் நீளத்திலே ஒரு சாணுக்குச் சற்று மேலுமாக, நுனி கூர்ந்த முக்கோணமாக வெட்டுக. அகன்ற பக்கத்தை ஈர்க்கிலின்மேல் வைத்து இறுக்கிச் சுருட்டுக. சுருட்டச் சுருட்ட நடு பருத்து இரு முனையும் மெலியும். நுனியிலே கோதுமை மாப் பசை தடவி ஒட்டி, ஈர்க்கிலை உருவி எடுத்தால் மணி தயார். தளர்வாகச் சுருட்டியது குலைந்துபோம். மிக இறுக்கியது ஈர்க்கிலை விடாது. இரண்டுக்கும் இடைப்பட்ட அளவு விரலுக்குத்தான் தெரியும். என்னாற் சொல்லிக்கொடுக்க முடிந்ததில்லை. கடதாசி எடுக்கும்போது ஒரு கட்டுப்பாடு மட்டும் உண்டு. அறபு எழுத்து உள்ள தாளைத் தொடலாகாது. அதனை வேறாக எடுத்து வைத்துவிட வேண்டும். ஏனைய எத்தாளும் ஆகும். ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாளின் கடதாசி மிக நன்றாகச் சுருள்கிறது என்பது பிள்ளைகள் தாமே கண்டறிந்த உண்மை.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். குன்றிமணி அழகியது. செம்மையும் கருமையும் சேர்ந்த அதனைக் கண்டால் எந்தப் பிள்ளையும் மாலையாக்க விரும்பும். பொற்கொல்லர் தராசிலே இரண்டு குன்றி சேர்ந்தால் ஒரு மஞ்சாடி என்ற கணக்கும் நம் முன்னோருடையதே. ஆயினும் அதன் உள்ளீடு கொடிய நஞ்சு. வன்மையான மேற்றோல் இருக்கும்வரை அந்நஞ்சு அடங்கிக் கிடக்கும். மாலைக்கென்று துளையிட்ட மாத்திரத்தே காவல் நீங்கிவிடும். துளையிட்ட குன்றிமணியைப் பிள்ளை வாயிலிட்டு மென்றால் உயிருக்கே ஆபத்து. ஆதலின் எங்கள் டப்பாவில் மஞ்சாடிக்கு இடமுண்டு, குன்றிக்கு இல்லை. மூன்று வயதுக்கு உட்பட்ட தம்பி தங்கையரைப் பாய்க்கு அருகே விடுவதுமில்லை. நஞ்சில்லாத மணியும் தொண்டையிற் சிக்கினால் நஞ்சே.

நூல் இரு வகை. மருதமுனைத் தறிகளிலே கழியும் பருத்தி நூற் துண்டுகள் ஒரு வகை. அவற்றின் முனையை மெழுகில் தோய்த்து விறைப்பாக்கிக் கொண்டால் ஊசி வேண்டியதில்லை. நிறமும் பலவாதலாற் குஞ்சம் கட்டவும் உதவும். மற்றையது தங்கூசி. கரைவலைக்காரரும் தூண்டில்காரரும் வாழும் ஊரிலே தங்கூசி இல்லாத வீடு ஏது? அது தானே ஊசியாக நின்று துளைக்குள் நுழையும். ஆனால் முடிச்சில் நம்மைக் கைவிடும். நான் முடிந்து கொடுத்த மாலைகள் பல, பிள்ளைகள் வீதியைக் கடக்கு முன்னரே அவிழ்ந்து மணலிற் சிதறியிருக்கின்றன.

அந்தக் குறை நீங்கிய கதை வேறு. ஒருநாள் மாலை, பிள்ளை ஒருவனின் வாப்பா வாசலில் வந்து நின்றார். முகம் நன்றாயில்லை.

"அடுத்த வருஷம் இவனுக்குப் புலமைப்பரிசில் சேர். இவன் இஞ்ச பொம்புளப் புள்ளைகளோட மணி கோத்துக்கிட்டு இரிக்கான்."

அவர் சொன்னதிலே நியாயம் இல்லையென்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பரீட்சை நம் நாட்டுத் தாய் தந்தையரைப் படுத்தும் பாட்டை ஆசிரியனாகிய நான் அறியாதவன் அல்லன். விடுமுறை என்பது பிரத்தியேக வகுப்புக்குப் பெயரளவில் வந்த மறுபெயராகிவிட்ட காலம் இது. மணி கோத்தலால் விரலுக்குப் பயிற்சி, கண்ணுக்குக் கூர்மை, எண்ணுக்குத் தெளிவு என்று அடுக்கிச் சொல்லியிருக்கலாம். அப்போது ஒன்றும் வாய்க்கவில்லை. போதாக்குறைக்கு, மகன் கையிலிருந்த கடதாசி மணியை வாங்கிப் பார்த்தவர் அதிலே தாம் காசு கொடுத்து வாங்கிய வினாத்தாளின் ஒன்பதாம் கேள்வியைக் கண்டுகொண்டார். நான் தலை குனிந்தேன்.

அவர் திட்டவில்லை. மணிக்கு அப்பால் தொங்கிய முடிச்சையே நோக்கிக்கொண்டிருந்தார். பின்னர், "இதென்ன சேர் முடிச்சி?" என்று படியில் அமர்ந்தார். கடற்றொழிலாளர் குடும்பத்தவர், வலை பொத்தி வளர்ந்த கை. இரு நுனியையும் சேர்த்து ஒன்றுக்கு இரண்டாகச் சுற்றி இழுத்தார். திரும்ப எதிர்ப்புறமாக இரண்டு சுற்று. இறுக்கு முன்னர் முடிச்சை வாயருகே கொண்டுபோனவர், நோன்பு நினைவு வந்து கையை நிறுத்தினார். உலர்ந்த தங்கூசியை இறுக்கினாற் சூடேறி இழை கெடுமாம். எச்சிலால் நனைப்பது கடலில் உள்ள வழக்கமாம். நோன்போடு எச்சில் தொடலாமா என்று பிள்ளைகளிடையே ஒரு பெரிய வழக்கு எழுந்தது. கிணற்று நீர் கொணர்ந்து வழக்கைத் தீர்த்தோம். மிஞ்சிய நுனியை ஒட்ட வெட்டாமல், ஒரு விரல் நீளம் விட்டு, அதனைப் பக்கத்து மணிகளின் துளைக்குள் மறைத்துச் செலுத்தினார். அந்த மாலை இன்னும் அறவில்லை. 'பொம்புளப் புள்ளைகளின் வேலை' என்ற பேச்சை அவரும் பின்பு எடுக்கவில்லை, நானும் நினைவூட்டவில்லை. மகன் மறுநாளும் வந்தான். வினாத்தாள் மட்டும் வரவில்லை.

இனி நான் படிப்பிக்கத் துணிந்த பாடத்தைச் சொல்கிறேன். வேண்டிய நிறத்தை வேண்டியவாறு கோப்பது சின்னப் பிள்ளைகளின் இன்பம். சற்று வளர்ந்தவர்க்கு ஒழுங்கு வேண்டும். ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை என்று மாறி மாறி வருமாயின் அஃது இரட்டைமணிமாலை. நம் புலவர்கள் வெண்பாவையும் கட்டளைக் கலித்துறையையும் அவ்வாறே மாற்றி மாற்றி இருபது பாட்டுக் கோத்தார்கள். மூன்று நிறம் முறையே வந்தால் மும்மணிக்கோவை. ஆசிரியம், வெண்பா, கட்டளைக் கலித்துறை என முப்பது. ஒரு பாட்டின் ஈறு அடுத்ததன் முதலாகும் அந்தாதி. கடைசிப் பாட்டின் ஈறு முதற்பாட்டின் முதலோடு சென்று பொருந்தும்போது மண்டலித்தது என்போம். மாலையின் இரு நுனியையும் சேர்த்து முடிவதும் அதுவே. பல்லாண்டாகப் பாட்டியலை வகுப்பறையில் வாயால் ஓதி விளக்க முயன்று தோற்றவன் நான். மணியைக் கையிற் கொடுத்தபோது ஏழாந்தரத்துப் பிள்ளைக்குக் கால் மணித்தியாலத்தில் விளங்கிற்று.

இவற்றுக்கெல்லாம் பெரியது அகநானூறு. அதன் மூன்று பகுதிகளுள் இரண்டாவதற்கு மணிமிடைபவளம், மூன்றாவதற்கு நித்திலக்கோவை என்று பெயர் வைத்தவர்கள் மாலை கோத்துப் பழகியவர்களாகத்தான் இருக்க வேண்டும். நானூறு பாட்டையும் தொகுத்த உருத்திரசன்மர் ஒரு முறை வகுத்தார். ஒற்றைப்பட்ட எண்ணெல்லாம் பாலை. இரண்டும் எட்டும் குறிஞ்சி. நாலு முல்லை. ஆறு மருதம். பத்து நெய்தல். இவ்வாறே பத்துப் பத்தாக நாற்பது முறை. எத்தனையாவது பாட்டு என்று சொன்னாற் போதும், நூலைத் திறவாமலே திணையைச் சொல்லிவிடலாம்.

பத்து மணியை எடுத்துப் பாயிலே வைத்தேன். பாலைக்கு மண்ணிற மணி ஐந்து. குறிஞ்சிக்குக் கருமை இரண்டு, முல்லைக்குப் பூவின் வெண்மை, மருதத்துக்குப் பயிரின் பச்சை, நெய்தலுக்கு நீலம். மருதமும் நெய்தலும் எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல. வீட்டின் கிழக்கு வாசலிலே கடல்; மேற்கே சிறிது தூரம் போனால் வயல். மிகுதி மூன்றும் அவர்களுக்குப் புத்தகச் சரக்கு. கோத்து முடித்துத் தூக்கிப் பார்த்தபோது பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி முகஞ் சுளித்தாள்.

"மண் கலர்தான் பாதி சேர். வடிவாயில்ல. ஏன் பாலை மட்டும் இவ்வளவு கூட?"

நல்ல கேள்வி. பாலையாவது பிரிவு, பொருள் தேடப் போனவனையும், அவன் கடந்துபோகும் காய்ந்த நிலத்தையும், வீட்டிலிருந்து காத்திருப்பவளையும் பாடுவது என்று விளக்கினேன். நானூற்றில் இருநூறு பாட்டு அது. மற்ற நாலு திணைக்கும் சேர்த்தே இருநூறு. ஏன் இவ்வளவு என்பதற்கு உரையாசிரியர் வழியில் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"எங்கட வாப்பா கட்டார்ல. அங்கயும் மணல்தானாம்."

அதன்பின் மண்ணிறத்தைப் பற்றி அவள் குறை சொல்லவில்லை. உரை சொல்ல வந்தவனும் வாயை மூடிக்கொண்டேன்.

அந்தப் பிள்ளை ஒரு வேலையைத் தனியே செய்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு நாளும் நோன்பு திறக்கும் முதற் பேரீச்சம்பழத்தின் கொட்டையைக் கழுவி, உலர்த்தி, ஒரு தேயிலைப் பெட்டியிலே சேர்த்து வந்தாள். பழம் வாப்பா அனுப்பியது. கொட்டையை ஓரிரவு நீரில் ஊறவிட்டு, குறுக்கே நடுவிலே நுண்டுளையிட்டுத் தருவது என் பங்கு. கொட்டை கல்லுப் போன்றது. மெல்லிய துறப்பண அலகு இரண்டை முறித்திருக்கிறேன். அவள் கோப்பது தஸ்பீஹ் என்பது தெரிந்தது. தொழுகைக்குப் பின் இறைவனைத் துதிக்கும் வாசகங்களை முப்பத்து மூன்று முப்பத்து மூன்றாக எண்ணுவதற்கு 33 மணி வேண்டும். விரலால் எண்ணுவதே மேல் என்பாரும் எங்களூரில் உண்டு. அந்த வழக்குக்கு இது இடமன்று.

யாருக்கு என்று நான் கேட்கவில்லை. எந்தப் பிள்ளையிடமும் நான் அதைக் கேட்பதில்லை. காரணத்தைச் சொல்லியாக வேண்டும்.

2004 டிசம்பர் 26 ஆந் திகதி கடல் எழுந்தபோது இலங்கையிலே மிகுந்த உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம், பதினாயிரத்துக்கும் மேல். மருதமுனையும் கல்முனையும் சாய்ந்தமருதும் கரையோரத் தெருக்களைத் தெருத்தெருவாகப் பறிகொடுத்தன. நான் அப்போது முப்பது கடந்த இளம் ஆசிரியன். பாடசாலைக் கட்டடம் ஒன்றில் இயங்கிய முகாமிலே பிள்ளைகளோடு இருக்கும்படி எங்களிற் சிலரை அனுப்பினார்கள். விளையாட்டுப் பொருள்கள் வந்திருந்தன. அவற்றுள்ளே ஒரு பெட்டி நிறைய நிறநிற மணிகள். பிள்ளைகள் படம் கீற மறுத்தார்கள். பந்தைத் தொடவில்லை. மணிப்பெட்டியைச் சுற்றி மாத்திரம் பேச்சில்லாமல் உட்கார்ந்து கோத்தார்கள். எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. 2005 ஜனவரியில் ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. அதற்கு முதல் நாள், ஆண்டாண்டாக வகுப்பிலே சொல்லிப் பழகிய வாக்கியத்தைச் சொன்னேன்.

"பெருநாளைக்கு உம்மாவுக்குக் குடுக்க ஆளுக்கொரு மாலை கோப்போம்."

சொல் வாயை விட்டுப் போன பின்னரே அதன் பொருள் எனக்கு விளங்கிற்று. பொருள் கொள்வதையே தொழிலாகக் கொண்டவன் நான். ஒருவரும் அழவில்லை. என் எதிரே இருந்த சிறுமி, ஆறு வயதிருக்கும், தான் கோத்திருந்த மணிகளை ஒவ்வொன்றாக நூலிலிருந்து கழற்றினாள். சிவப்பைச் சிவப்போடு, பச்சையைப் பச்சையோடு, எடுத்த இடத்திலேயே பிழையில்லாமல் வைத்தாள். வெறும் நூலை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்ய முடியும் என்று அன்று தெரியவில்லை. இருபது ஆண்டு கடந்தும் தெரியவில்லை.

கைவினை சொல்லிக்கொடுக்கும் நூல்கள் எல்லாம் 'அம்மாவுக்கு ஒரு பரிசு' என்றே தொடங்குகின்றன. எழுதியவர்கள் நல்ல மனத்தோடு எழுதியிருக்கிறார்கள். ஆயினும் ஆசிரியர்களாகிய என் தோழர்களுக்கு ஒன்று கூறுவேன்: மணியைக் கொடுங்கள், நூலைக் கொடுங்கள், நிற ஒழுங்கையும் முடிச்சையும் படிப்பியுங்கள். மாலை போய்ச் சேரும் இடத்தைப் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். நம் வகுப்பிலே நாற்பது பிள்ளைகள் இருந்தால் நாற்பது வீடு. எந்த வீட்டில் எவர் இல்லை என்பதை இடாப்பு நமக்குச் சொல்லாது.

தேயிலைப் பெட்டிக்குத் திரும்புகிறேன். 2025 ஆம் ஆண்டு நோன்பு இருபத்தொன்பதோடு முடிந்தது. பிறை தென்பட்ட செய்தி வந்த இரவில் ஊரெல்லாம் களிப்பு. அவள் மட்டும் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்து நின்றாள். கொட்டை இருபத்தொன்பது. முப்பது நாளாக இருந்திருந்தாலும் மூன்று குறைந்திருக்கும், இப்போது நாலு.

"பழம் இன்னும் வீட்ட இரிக்குந்தானே மகள்? நாலு தின்றால் நாலு கொட்டை" என்றேன்.

அவள் என்னை இரக்கத்தோடு பார்த்தாள். நோன்பு திறந்த பழத்தின் கொட்டைக்கும் சும்மா தின்ற பழத்தின் கொட்டைக்கும் வேறுபாடு அறியாத பண்டிதனைப் பார்த்துச் சிறுபிள்ளை வேறு எப்படிப் பார்க்கும்?

மணி டப்பாவைக் கேட்டு வாங்கினாள். நெடுநேரம் துழாவி நாலு மணி எடுத்தாள். நாலும் நீலம். இறுதிக் கொட்டையை அன்றிரவே துளைத்துக் கொடுத்தேன். மறுநாள் பெருநாட் தொழுகை முடிந்து வந்து, கொட்டைகளின் நடுவே நீலத்தை இடையிட்டுக் கோத்தாள். மருதமுனை நூலிலே பச்சைக் குஞ்சம் ஒன்று கட்டினாள். முடிச்சு மட்டும் தங்கூசி முடிச்சு, இரண்டும் இரண்டும் நாலு சுற்று; இன்று தாராளமாக எச்சிலில் நனைத்தாள்.

நீலம் ஏன் என்று கேட்டேன். யாருக்கு என்று கேட்கத்தானே எனக்குத் தடை.

"நெய்தல் சேர்" என்றாள். "இடையில கடல் இரிக்கே."

பெருநாள் விடுமுறையில் வந்திருந்த பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் அடுத்த கிழமை கட்டாருக்குத் திரும்புவதாக இருந்தது. அவர் வீட்டு வாசலிலே, கையில் ஒரு சிறு பொதியோடு, அவள் நிற்பதைக் கண்டேன். நான் நின்று பார்ப்பதை அவள் காணாதிருக்க, வேலியோரமாக நடந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.